பிரதிவாதியின் பூனை

வெந்தயக்கீரை மூன்றாம் இலை விட்டிருந்தது.
நடுப்பாத்தியில் குழி பறித்து
காரியத்தை முடித்து
பின்னங்காலால் மண்ணைத் தள்ளி
மூடியும் மூடாமலும் போயிருந்தது சவம்.

கோமதிநாயகம் வீட்டுப் பூனைதான்.
சாம்பல் உடம்பு, வால் நுனி மட்டும்
சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி.

வேறு ஆளாக இருந்தால்
சுவருக்கு மேல் தலையை நீட்டி
‘ஒம்ம பூனையக் கெட்டிப் போடும்வே’ என்றிருப்பேன்.
‘பூனைய எங்கவே கெட்ட?’ என்று அவரும் சிரித்திருப்பார்.
எங்களுக்குள் பேச்சு வக்கீல் வழியாகத்தான்.
சுவர் அரையடி என் பக்கம் வந்திருக்கிறது என்று நானும்
முக்காலடி அவர் பக்கம் போயிருக்கிறது என்று அவரும்
அம்பாசமுத்திரம் கோர்ட்டில்
ஒன்பது வருசம்.

வாய்தா அன்று ஒரே பஸ்.
வீரவநல்லூர் ஸ்டாப்பில்
அவர் முன்வாசல், நான் பின்வாசல்.

ஆரஞ்சுத் தோல் போட்டுப் பார்த்தேன்.
காபிச் சக்கையைத் தூவினேன்.
நீலம் கரைத்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றி
நாலு மூலையிலும் வைத்தேன்.
பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.
‘அதுக்கு அரிக்கும்போல’ என்றாள் பூரணம்.

வாய்க்கால் கரையிலிருந்து உடைமுள் வெட்டி வந்து
சுவர் நெடுக வரிந்து கட்டினேன்.
குத்திய விரலை வாயில் வைத்தபடி திரும்பினால்
முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே
தண்ணீர் மாதிரி ஒழுகி இறங்குகிறது.

சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்த அன்றும்
எல்லைக்கல்லின் மேலேயே உட்கார்ந்து
காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது.
‘யார் வீட்டுப் பூனை?’
கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார்.
நான் முருங்கையைப் பார்த்தேன்.
ரிப்போர்ட்டில் பூனை பற்றி ஒன்றுமில்லை.

ஆனி மாசம், மேல்காற்று கதவை அறைந்துகொண்டிருந்த மத்தியானம்
கையில் கிடைத்த ஓட்டுச்சில்லை வீசினேன்.
படாது என்றுதான் வீசினேன்.
சின்ன வயசில் மாங்காய்க்கு எறிந்ததில்
ஒன்றுகூடப் பட்டதில்லை.
இது பட்டது.
காது கிழிந்து,
சத்தம்கூடப் போடாமல் சுவர் ஏறியது.
முள்ளில் ஒரு சொட்டு.

அன்று ராத்திரி அந்தப் பக்கம்
வெகுநேரம் லைட் எரிந்தது.
விடிந்தால் நோட்டீஸ் வரும்
இல்லையென்றால் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வருவார் என்று
ரெண்டு நாள்
சட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குள் திரிந்தேன்.

மூன்றாம் நாள் பூனைதான் வந்தது.
காதில் ஊதா மருந்து.
பஞ்சால் அழுத்தித் தடவியிருந்தார்கள்,
நெற்றி வரை வழிந்து காய்ந்திருந்தது.
எனக்கும் அதற்கும் நடுவில் வெந்தயப்பாத்தி.
என்னைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன்.
ஆளுக்குப் பின்னால் இருக்கிற எதையோதான்
பூனைகள் பார்க்கும்.

வக்கீல் கையெழுத்து இல்லாமல்
அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் காகிதம்.
எப்படிப் படிப்பதென்று தெரியவில்லை.
எறிந்தவன் நீ என்று தெரியும், என்றா?
பார், ஆறி வருகிறது, என்றா?

பூரணம் சிரட்டையில் சாளைத் தலை ரெண்டு வைத்தாள்.
நான் கவனிக்காத மாதிரி
சுவரில் ஒரு முழத்துக்கு முள்ளை அவிழ்த்தேன்.
வழக்கில் இருக்கிற சுவரைத் தொடக்கூடாது
என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.
முள் வழக்கில் சேராது
என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாய்தா ஆடி கடைசியில்.
கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள்
பஸ்ஸில் எழுந்து முன்னால் போய்
‘காது ஆறிட்டுல்லா?’
அவ்வளவுதான் கேட்க வேண்டும்.
குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.
‘என்ன முணங்குதிய?’ என்றாள் பூரணம்.

இன்று காலை
பாத்தியில் மறுபடி குழி.
இந்தத் தடவை மண்ணை
ஒழுங்காக மூடியிருந்தது.